இரவல் வாளிகள்

“இன்னும் ரெண்டு வரிசை போடுப்பா. தெருமுனை வரைக்கும் போகட்டும்” என்றார் உரக்கடைக்காரர்.

நாற்காலி வாடகைக்காரர் வண்டியின் பின்கதவில் கையை வைத்துக்கொண்டு, ஏற்கெனவே போட்டிருந்த வரிசைகளைப் பார்த்தார். எல்லாம் வெள்ளை, எல்லாம் புதுசு, எல்லாம் காலி.

“போட்டுடலாம் சார். உட்கார ஆள் வரட்டும்னு பார்க்கிறேன்.”

“ஆள் வந்து நாற்காலி இல்லைன்னா அசிங்கம்ப்பா.”

நாற்காலி இருந்து ஆள் இல்லாவிட்டால் என்ன என்று கேட்க வாயெடுத்தவர், துக்க வீடு என்பது ஞாபகம் வந்து, பேசாமல் இறக்க ஆரம்பித்தார்.

உள்ளே முன்னறையில், திருகினால் தலைப்பக்கம் உயரும் ஆஸ்பத்திரிக் கட்டிலில் உரக்கடைக்காரரின் அக்கா கிடந்தாள். விடிவதற்குச் சற்று முன் போயிருந்தாள். இப்போது தலைப்பக்கத்தை இறக்கிவிட்டிருந்தார்கள். வெயில் சாய்ந்ததும் வண்டி வரும். இடுகாடு ஊருக்கு வெளியே. வண்டி, பூ, டீ, நாற்காலி எல்லாவற்றையும் விடிந்த கையோடு போனிலேயே முடித்திருந்தார் தம்பி. ஒரு வேலையைக் கையில் எடுத்தால் குறை வைக்க மாட்டார். கேட்ட சரக்கு இல்லை என்ற வார்த்தை அவர் கடையில் இதுவரை சொல்லப்பட்டதில்லை. இல்லாவிட்டால், ‘வந்துக்கிட்டே இருக்கு’ என்பார்கள்.

அக்கா அந்தக் குடும்பத்தில் வழிதவறிப் பிறந்தவள். மற்ற எல்லோரும் எதையாவது விற்றார்கள். அவள் மட்டும் எதையாவது பார்த்துக்கொண்டிருந்தாள். மண்ணுக்குள்ளே இருந்து பயிருக்கு நல்லது செய்யும் பூஞ்சைகள்தான் அவள் ஆராய்ச்சி. தம்பி மூட்டை மூட்டையாக உரம் விற்க, அக்கா அதில் பாதி மூட்டை தேவையே இல்லை என்று கட்டுரை எழுதினாள். சண்டை வந்ததில்லை. “உன் கட்டுரையைப் படிக்கிறவன் என் கடைக்கு வர்றதில்ல. என் கடைக்கு வர்றவன் உன் கட்டுரையைப் படிக்கிறதில்ல. ரெண்டு பேர் பிழைப்பும் பத்திரமா இருக்கு” என்பார் தம்பி. அவள் அவரை ‘மூட்டை’ என்றுதான் கூப்பிடுவாள். கடை வைப்பதற்கு முன்பிருந்தே வந்த பேர் அது; அப்போது அவர் உடம்பு அப்படி.

நோய் வந்ததும் மூட்டை வேலையைக் கையில் எடுத்துக்கொண்டது. கட்டில் வந்தது, குளிர்சாதனம் வந்தது, பகலுக்கு ஒரு நர்ஸ், ராத்திரிக்கு ஒரு நர்ஸ், சமைக்க ஒரு ஆள். வீட்டில் இருந்த ஓட்டை வாளிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, கடைக் கிடங்கிலிருந்து கம்பெனி பேர் போட்ட வாளிகளும் டிரம்களும் கொண்டுவந்து இறக்கினார். காலையில் ஒரு தரம், சாயங்காலம் ஒரு தரம் அவர் கார் வாசலில் நிற்கும். அடுக்களைக்குப் பின்னால் இருந்த கதவு அடிக்கடி திறந்து மூடியதால் குளிர் வெளியேறியது. அதற்கு ஒரு பூட்டுப் போட்டார்.

“அந்தக் கதவைத் திறந்து வையேன்டா” என்று அக்கா ஒரு தடவை கேட்டாள்.

“குளிர் போயிடும்க்கா” என்றார் அவர். அவள் மறுபடி கேட்கவில்லை.

தெருவாசிகள் ஒருவர், இருவராக வந்தார்கள். வெள்ளை நாற்காலிகளைத் தாண்டி உள்ளே வந்து, கட்டிலருகே நின்று, தலையைக் குனிந்துவிட்டு அவரிடம் வந்தார்கள்.

“ஏதாவது செய்யணுமா?”

“எல்லாம் ஏற்பாடு ஆயிடுச்சு. நீங்க சிரமப்படாதீங்க” என்றார் அவர், ஒவ்வொருவரிடமும், கை கூப்பி.

செய்ய ஒன்றும் இல்லாதவர்கள் எவ்வளவு நேரம் நிற்பார்கள்? காகிதக் கோப்பை டீயைப் பாதி குடித்துவிட்டுப் போனார்கள்.

கட்டிலுக்குப் பக்கத்தில், வீட்டின் பழைய மடக்கு நாற்காலியில் அத்தான் உட்கார்ந்திருந்தார். அக்காவின் கணவர். கல்லூரியில் சமூகவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவருடைய ஆராய்ச்சிக்கு வெளியூர் போக வேண்டியிருக்கவில்லை, இந்தத் தெருவேதான். எந்த வீட்டிலிருந்து எந்த வீட்டுக்கு ஏணி இரவல் போகிறது, இஸ்திரிப்பெட்டி போகிறது, குடை போகிறது, போனது திரும்பி வருகிறதா என்று வருஷக்கணக்காகப் பார்த்து, பெரிய தாளில் கோடு கோடாகப் போட்டு வைத்திருந்தார். “இரவல் கொடுக்கிறவனை ஆராய்ச்சி பண்ற முதல் ஆளு நீங்கதான் அத்தான். எங்க மார்க்கெட்ல அவனை ஏமாளின்னு சொல்லிட்டு அடுத்த வேலையைப் பார்த்துடுவோம்” என்று மைத்துனர் கிண்டல் செய்வார். சாவு விழுந்த வீடுகளில் அத்தான் ஓரமாக உட்கார்ந்து ஒன்றை மட்டும் கவனிப்பார்: யார் முன்வாசல் வழியாக வருகிறார்கள், யார் பின்வாசல் வழியாக வருகிறார்கள். முன்னால் வருபவர்கள் வந்துவிட்டுப் போகிறவர்கள், பின்னால் வருபவர்கள் அடுப்பைப் பற்றவைப்பவர்கள் என்பது அவர் கண்டுபிடிப்பு.

இன்றும் பழக்கதோஷத்தில் அவர் கண் அடுக்களைப் பக்கம் போய்ப் போய் வந்தது. அங்கே பூட்டு தொங்கியது.

நண்பகல் தாண்டியபோது அக்காவின் மாணவி வந்தாள். அக்காவிடம் கடைசியாக ஆராய்ச்சி செய்தவள். பஸ்ஸில் நின்றுகொண்டே வந்திருக்க வேண்டும்; தோளில் தொங்கிய கனமான பை முதுகில் வியர்வைத் தடம் போட்டிருந்தது. கட்டிலருகே மண்டியிட்டு, அக்காவின் விரல் நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நகங்களுக்குள் எப்போதும் மண் இருக்கும். நர்ஸ் சுத்தமாக வெட்டிவிட்டிருந்தாள். மாணவி அப்போதுதான் அழுதாள், சத்தமில்லாமல்.

பிறகு எழுந்து, அத்தானைப் பார்த்தாள். அத்தான் தலையைக் குனிந்துகொண்டார். அவள் உரக்கடைக்காரரிடம் வந்தாள்.

“சார், மொட்டைமாடிக்குப் போய்த் தொட்டிகளைப் பார்த்துட்டு வரட்டுமா?”

“வாங்க, நானே காட்டறேன்.”

அவர் முகத்தில் காலையிலிருந்து இல்லாத ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வீட்டில் இன்று பெருமைப்பட்டுக்கொள்ள ஏதாவது இருக்கிறதென்றால் அது மாடியில்தான் இருந்தது.

எட்டுத் தொட்டிகள். எட்டிலும் மக்காச்சோளம் ஆளுயரம் நின்றது. இலை ஒவ்வொன்றும் பட்டையாக, கரும்பச்சையாக, காற்றில் ஒன்றோடொன்று உரசிச் சரசரத்தது.

“பார்த்தீங்களா? அக்கா படுத்தப்ப எல்லாம் சோகை பிடிச்ச மாதிரி வெளிறிக் கிடந்துச்சு. எழுந்திருச்சு வந்து பார்த்தா மனசு கஷ்டப்படுமேன்னு அன்னைலேர்ந்து நானே பார்த்துக்கிட்டேன். இப்ப எப்படி இருக்கு?”

மாணவி ஓர் இலையை இரண்டு விரலால் பிடித்தாள். பிடித்தபடியே நின்றாள்.

“என்ன போட்டீங்க சார்?”

“கடையில விக்கிற சரக்கு இல்ல, பயப்படாதீங்க. நமக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கிறது. மணிச்சத்து, அதான் பாஸ்பரஸ், தூக்கலா இருக்கும். கரைச்சு, அளவு பார்த்து, விடாம ஊத்தினேன்.”

அவள் இலையை விட்டுவிட்டு, தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தாள். வியாபாரியின் கண் அவருக்கு. எதிரே இருப்பவர் முகம் மாறினால் விலை படியவில்லை என்று தெரிந்துவிடும்.

“என்னம்மா? சொல்லுங்க.”

“மேடம் இதுல சோளம் வளர்க்கல சார்.”

“பின்ன?”

“சோளம் வெறும் வீடு. உள்ள குடியிருக்கிறவங்கதான் முக்கியம்.” அவள் மெதுவாக, பாடம் நடத்தும் குரல் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டு பேசினாள். “அந்தப் பூஞ்சை தனியா வாழாது சார். உயிருள்ள வேர் வேணும். முடியை விட மெல்லிசா நூல் விட்டு, வேர் போக முடியாத இடத்துக்கெல்லாம் போய் மணிச்சத்து கொண்டாந்து கொடுக்கும். பதிலுக்கு வேர் அதுக்குச் சர்க்கரை கொடுக்கும். அதுக்காகத்தான் மேடம் செடியைப் பட்டினி போட்டே வச்சிருந்தாங்க. மணிச்சத்து மண்ணுல தாராளமா கிடைச்சா…”

அவள் நிறுத்தினாள். மீதியை அவரே முடித்தார். இதைப் புரிந்துகொள்ள அவருக்குப் படிப்பு தேவைப்படவில்லை.

“மில்லுக்காரனே வாசல்ல வந்து சரக்கை இறக்கிட்டா, நடுவுல தரகன் எதுக்கு.”

“ஆமா சார்.”

“வேர் கதவைச் சாத்திடும்.”

“ஆமா சார்.”

“தரகன் பட்டினி.”

சோளம் சரசரத்துக்கொண்டே இருந்தது. இத்தனை நாள் காதுக்கு இனிமையாக இருந்த சத்தம்.

“வேற எங்கயாவது வச்சிருப்பீங்கல்ல? யூனிவர்சிட்டில?”

“பசுமைக்குடிலை இடிச்சுக் கட்டினாங்களே, அப்பவே அங்க இருந்தது போயிடுச்சு. பூஞ்சையை முதல்ல எடுத்த இடமும் இப்ப இல்ல. ரயில் பாதைக்குப் பக்கத்துல ஒரு பொட்டல். சிமெண்ட் போட்டு இப்ப அங்க வண்டி நிறுத்தறாங்க. மேடம் அது வேற எங்கயும் பார்க்காத வகைன்னு சொல்வாங்க.”

அவர் எட்டுத் தொட்டிகளையும் பார்த்தார். பிறகு கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கேட்டார்.

“அக்காவுக்குத் தெரியுமா?”

மாணவி தன் பையின் வாரைச் சரி செய்தாள். அதுவே பதிலாகப் போயிருக்கும். ஆனால் அவருக்கு அதற்குள் ஞாபகம் வந்துவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் போனில் படம் எடுத்துக்கொண்டு கீழே ஓடி, அவள் கண்ணுக்கு நேரே பிடித்தார். “பாருக்கா, உன் சோளம் எப்படி நிக்குதுன்னு.” அவள் வெகுநேரம் பார்த்தாள். விரலால் படத்தைப் பெரிதாக்கி ஒரு தொட்டியைப் பார்த்தாள், அப்புறம் இன்னொன்றை. “என்னடா போட்ட, மூட்டை?” என்றாள். “ஒண்ணும் போடலையே. பாசத்தைத்தான் போட்டேன்” என்றார் அவர். அவள் சிரித்தாள், சிரித்து, இருமி, இருமல் அடங்கியதும், “கொஞ்சம் அளவா போடுறா” என்றாள். அவரும் சேர்ந்து சிரித்தார். கடையில் அன்று எல்லோரிடமும் சொன்னார், அக்கா இன்னைக்கு நல்லா சிரிச்சா என்று.

“போன்ல சொன்னாங்க சார்” என்றாள் மாணவி. “வந்து மண்ணைக் கழுவி எடுத்துடு, ஆனா தம்பி இல்லாத நேரமா பார்த்து வான்னாங்க. நான் ரெண்டு தடவை வந்தேன்.”

“வந்தீங்களா? நான் பார்க்கலையே.”

“வாசல்ல உங்க கார் நின்னுச்சு.”

அவர் படியிறங்கிக் கீழே போனார். முன்னறையில் யாரும் இல்லை, அக்காவும் அத்தானும்தான். குளிர்சாதனம் ஒரே சீராக இரைந்துகொண்டிருந்தது.

“உங்களுக்கும் தெரியுமா அத்தான்?”

எதை என்று அத்தான் கேட்கவில்லை. “தெரியும் மச்சான்.”

“ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்னா.” அத்தான் அக்காவின் போர்வை நுனியை இழுத்துச் சரி செய்தார். அது ஏற்கெனவே சரியாகத்தான் இருந்தது. “அவனுக்கு வேற ஒண்ணும் செய்யத் தெரியாது, தெரிஞ்ச ஒண்ணையும் புடுங்காதீங்கன்னா.”

உரக்கடைக்காரர் நின்றுகொண்டேயிருந்தார். வாசலுக்கு வெளியே வெள்ளை நாற்காலிகள் வெயிலில் கண்ணைக் கூசவைத்தன. தெருமுனை வரைக்கும் வரிசை போய்விட்டது. கடைசி நாற்காலியில் ஒரு பூனை படுத்திருந்தது.

“இங்க யாருமே வரலையே அத்தான்” என்றார்.

“வந்தாங்களே.”

“உட்காரலையே.”

அத்தான் மைத்துனரின் முகத்தைப் பார்த்தார். அப்புறம், வேறு யாரையோ பற்றிப் பேசுவதுபோல, “நம்ம வீட்டுக்கு வந்த கோடு எல்லாம் அழிஞ்சு ரொம்ப நாளாச்சு மச்சான். தாளைப் பார்க்கவே பிடிக்கல, சுருட்டி வச்சுட்டேன்” என்றார்.

மறுபடி மாடிக்கு ஏறியபோது உரக்கடைக்காரர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஏறினார்.

“இப்ப ஏதாவது செய்ய முடியுமா?”

“முடியலாம். வேர் விரட்டிட்டாலும் மண்ணுல விதை மாதிரி மணிகள் தூங்கிக்கிட்டு இருக்கும். மண்ணைத் தண்ணில கலக்கி, தெளிய விட்டு, மேல வர்றதைச் சல்லடையில பிடிக்கணும். அப்புறம் புது மணல்ல வச்சு, புதுசா விதை போடணும். ரெண்டு நாள் கழிச்சு வந்து நானே—”

“இன்னைக்கே.”

“இன்னைக்கா சார்? மேடம் கீழ…”

“அதுக்குத்தான் சொல்றேன். அவ வீட்டுல இருக்கும்போதே.”

மாணவி பையைத் திறந்தாள். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கிய வட்டச் சல்லடைகள், ஒரு வெள்ளைத் தட்டு, ஒரு கைக்கண்ணாடி, பொட்டலத்தில் விதை, இரண்டு பிளாஸ்டிக் பைகளில் சுத்தமான மணல். முதுகில் தடம் போட்ட கனம் அதுதான். இரண்டு தடவை சுமந்து வந்து, இரண்டு தடவை திரும்பச் சுமந்து போனது.

“வாளி நிறைய வேணும் சார். தண்ணியும்.”

“வாளிக்கா பஞ்சம்.” அவர் போனை எடுத்தார். “கிடங்குல—” என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். மாணவி வேண்டாம் என்று தலையசைத்துக்கொண்டிருந்தாள்.

“உரம் பட்ட வாளி ஆகாது சார். ஒரு துளி ஒட்டியிருந்தாலும் வேண்டாம்.”

கிடங்கு வாளி ஆகாது. இந்த வீட்டில் இருக்கும் வாளிகளும் கிடங்கு வாளிகள்தான். புதிதாக வாங்கலாமென்றால் மார்க்கெட்டில் ஒரு கடைகூடத் திறந்திருக்காது. அவர் வீட்டுத் துக்கத்துக்கு மரியாதை செய்ய வியாபாரிகள் சங்கம் எல்லாக் கதவையும் இழுத்து அடைத்திருந்தது. வண்டிச் சக்கரம் அளவுக்கு மாலை சொல்லியிருக்கிறோம் என்று தலைவர் காலையில் போன் செய்து ஆறுதல் சொன்னார். தெருமுனை வரைக்கும் நாற்காலி போட்ட மனிதருக்கு ஒரு வாளி கிடைக்கவில்லை.

அவர் கீழே இறங்கி, அடுக்களைக்குள் போய், சாவிக்கொத்தை எடுத்தார். கடைச் சாவி, கிடங்குச் சாவி, பெட்டிச் சாவி எல்லாம் தாண்டி அந்தச் சின்னச் சாவியைத் தேட வேண்டியிருந்தது. பூட்டு இறுகியிருந்தது.

“சார், குளிர் போயிடும்” என்றாள் பகல் நர்ஸ், பழகிய வார்த்தையாக.

“போகட்டும்.”

கதவைத் திறந்தால் ஒரு குறுகலான சந்து. கை நீட்டினால் அடுத்த வீட்டின் பின்கதவு. அந்தக் கதவின் படியில் தையல்காரம்மா உட்கார்ந்திருந்தார். வெளுத்த நல்ல புடவை கட்டி, தலை வாரி, புறப்பட்டவராக. வெகுநேரமாக உட்கார்ந்திருக்க வேண்டும். மடியில் கிடந்த கைக்குட்டையை எட்டாக மடித்திருந்தார்.

“இங்கயா இருக்கீங்க? உள்ள வரலையா?”

“எந்த வழியா வர்றது? பூட்டியிருந்துச்சே.”

“முன்பக்கம் வந்திருக்கலாமே.”

“நான் எப்பப்பா முன்பக்கமா வந்தேன்?” என்றார் தையல்காரம்மா. “அங்க கல்யாணத்துக்குப் போட்ட மாதிரி போட்டு வச்சிருக்கீங்க. அதுல போய் எங்கன்னு உட்கார்றது.”

உரக்கடைக்காரர் தொண்டையைச் செருமினார். மார்க்கெட்டில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ கேட்டிருக்கிறார். எல்லாவற்றையும் விலை கேட்டுத்தான் கேட்டிருக்கிறார். விலை இல்லாமல் கேட்பதற்கு வாயை எப்படித் திறப்பது என்று தெரியவில்லை.

“ஒரு வாளி வேணும்” என்றார்.

“என்ன அளவு?”

“எதுவா இருந்தாலும். உரம் பட்டிருக்கக் கூடாது.”

“எங்க வீட்டு வாளில எப்படிப்பா உரம் படும்? எல்லா மூட்டையையும் நீங்கதான் வச்சிருக்கீங்க.” எழுந்தவர், அவர் முகத்தைப் பார்த்தார். “எதுக்குன்னு சொல்லு.”

அவர் சொன்னார். பாதிக்கு மேல் வார்த்தைக்குப் பதில் கையால் மாடியைக் காட்டினார்.

“அவளோட அந்தப் பட்டினிச் சோளமா?” என்றார் தையல்காரம்மா. “ஒரு வாளி எதுக்குக் காணும்?” அவர் உள்ளே திரும்பி, தன் வீட்டைக் கடந்து, அந்தப் பக்கத் தெருவைப் பார்த்துக் குரல் கொடுத்தார். அந்தக் குரல் துணி வெட்டும்போது கத்தரி போவதுபோல நேராகப் போனது.

வாளிகள் வந்தன. நீல வாளி, கைப்பிடி போய்க் கம்பி கட்டிய வாளி, அடியில் பெயிண்டால் ஏதோ குறி போட்ட இரும்பு வாளி, குழந்தை குளிக்கும் சிவப்புத் தொட்டி ஒன்று. எல்லாம் பின்வாசல் வழியாக வந்தன. மாடிப்படி முன்னறையில் இருந்ததால், வாளியோடு வந்தவர்கள் எல்லோரும் அக்காவைக் கடந்துதான் போக வேண்டியிருந்தது. கையில் வேலை இருந்ததால் யாரும் தயங்கவில்லை. ஒவ்வொருவரும் கட்டிலருகே வாளியை ஒரு நொடி கீழே வைத்துவிட்டு, அவள் காலையோ போர்வையையோ தொட்டுவிட்டு, மறுபடி எடுத்துக்கொண்டு ஏறினார்கள். அத்தான் மடக்கு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவர் உதடுகள் எண்ணுவதுபோலச் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன.

மாடியில் சோளத்தை அடியோடு வெட்டினார்கள். மண்ணை வாளியில் கொட்டிக் கலக்கினார்கள். கனமான மணல் அடியில் தங்க, மேல் தண்ணீரை மாணவி சல்லடையில் வடித்தாள். அடுத்த தொட்டியை அணைத்துத் தூக்கப் போனார் உரக்கடைக்காரர்.

“சார்” என்றாள் மாணவி. சொல்லக் கூச்சப்பட்டாள். “நீங்க… தொட வேண்டாம் சார். தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கை…”

அவர் கையைப் பார்த்துக்கொண்டார். இத்தனை வருஷமாகச் சாம்பிளைக் கையில் அள்ளி, கசக்கி, வாடிக்கைக்காரருக்குக் காட்டிய கை. இன்று காலையும் வந்ததும் பழக்கத்தில் மாடிக்கு ஏறிக் கரைத்து ஊற்றியிருந்தார், அக்கா போன பிறகும்.

“சரிம்மா” என்று சொல்லிவிட்டு, கைகளை உடம்பிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தபடி தண்ணீர்த் தொட்டியோரம் போய் நின்றார்.

அக்காவின் தொட்டிகளைத் தையல்காரம்மா தூக்கினார். எதிர்வீட்டுத் தபால்காரர் கலக்கினார். வேர்ப்பந்தை உடைக்கும்போது, “இது என்னத்தைத்தான் செய்யும்?” என்று கேட்டார் தபால்காரர்.

“வந்த சரக்கை வீட்டுக்கு வீடு கொடுக்கும், வாங்கும். உன்னைய மாதிரிதான்” என்றார் தையல்காரம்மா. “அவ எனக்கு நாலு தரம் சொல்லியிருக்கா. நான் ஊசி கோத்துக்கிட்டே கேட்பேன். இந்தக் கதவு பூட்டினப்புறம்தான் யாரும் சொல்லல.”

அதை அவர் உரக்கடைக்காரரைப் பார்த்துச் சொல்லவில்லை. அதனாலேயே உரக்கடைக்காரர் தலையைத் திருப்பி, தெருவைப் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசி வாளியும் வடிந்ததும் மாணவி வெள்ளைத் தட்டில் கொஞ்சம் தண்ணீர் விட்டு, கைக்கண்ணாடியைப் பிடித்தாள். குனிந்தவள் நிமிர நேரமானது. பிறகு அவரைக் கூப்பிட்டாள். கண்ணாடியை அவர் தொடாதபடி அவளே பிடித்துக்கொண்டாள்.

அவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். தட்டின் ஓரத்தில், கடுகைப் பொடி செய்து அதிலும் பொடியாக்கியதுபோலச் சில மணிகள். தேன் நிறம். மிதக்காமல், முழுகாமல் நின்றன.

“உயிர் இருக்கா?”

“பார்த்துச் சொல்ல முடியாது சார். இதை மணல்ல வச்சு விதை போடறேன். செடி முதல்ல மஞ்சளாகும். பார்க்கவே பாவமா இருக்கும். அப்பவும் எதுவும் போடாம விட்டு, தானா பச்சை திரும்பிச்சுன்னா, உள்ள ஆள் இருக்குன்னு அர்த்தம்.”

“திரும்பலைன்னா?”

அவள் கண்ணாடியைத் துடைத்தாள். “எதுவும் போடாம இருக்கணும் சார். அதான் கஷ்டம்.”

கீழே வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

வியாபாரிகள் வந்தார்கள், மாலையும் வந்தது. தெருவாசிகள் ஈரக்காலோடு மாடியிலிருந்து இறங்கி, நாற்காலிகளைக் கொஞ்சம் ஒதுக்கி வழிசெய்து, கட்டிலிலிருந்து அவளைத் தூக்கினார்கள். யார் தலைப்பக்கம், யார் கால்பக்கம் என்று உரக்கடைக்காரர் ஏற்பாடு செய்திருந்த ஆட்கள் ஓரமாக நின்றார்கள். அத்தான் படி இறங்கும்போது தபால்காரர் தோளைப் பிடித்துக்கொண்டார். பின்கதவைச் சாத்த யாருக்கும் தோன்றவில்லை. சந்தில் கழுவிக் கவிழ்த்த வாளிகள், யாருடையது எது என்று தெரியாமல் கலந்து கிடந்தன.

இடுகாட்டில் குழி ஏற்கெனவே வெட்டியிருந்தது. தோண்டிப் போட்ட மண் ஒரு பக்கம் குவிந்திருந்தது. மேலே காய்ந்தும் உள்ளே கறுத்தும் இருந்த மண். அறுபட்ட வேர்கள் அங்கங்கே நீட்டிக்கொண்டிருந்தன. மாணவி குனிந்து ஒரு வேரைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து எல்லோரோடும் நின்றாள். அக்காவை இறக்கினார்கள். ஆளுக்கு ஒரு பிடி போடலாம் என்றார் குழிவெட்டி. முதலில் அத்தான் போட்டார். அடுத்தது தம்பி என்று ஒதுங்கி வழி விட்டார்கள்.

தம்பி அங்கே இல்லை.

திரும்பிப் பார்த்தார்கள். சுவரோரம் இருந்த குழாயடியில் அவர் குனிந்து நின்றார். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தார். விரல் விரலாகத் தேய்த்தார். நகக்கண்ணைத் தேய்த்தார். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, மறுபடி குழாயைத் திறந்தார்.

“சார், போட்டுட்டு அப்புறமா கழுவிக்கலாம் சார்” என்றார் குழிவெட்டி. “எல்லாரும் நிக்கறாங்க.”

“கழுவட்டும் விடு” என்றார் அத்தான்.

வெகுநேரம் தண்ணீர் ஓடியது. பிறகு அவர் குழாயை முழங்கையால் தட்டி மூடிவிட்டு, கைகளை எதிலும் துடைக்காமல், முன்னால் நீட்டியபடி நடந்து வந்தார். குவியலில் கையை விட்டு ஒரு பிடி எடுத்தார். குழியின் விளிம்பில் நின்று விரல்களை விரித்தார்.

ஈரக் கையில் மண் ஒட்டிக்கொண்டது. உதறினால்தான் விழும் போலிருந்தது. அவர் உதறவில்லை. கையை அப்படியே நீட்டிக்கொண்டு நின்றார்.